ஏரிக்குள் போன ஆளில்லாப் படகு

எங்கள் விமானம் ஏரியின் மேல் மொத்தமே நான்கு நிமிடம்தான் பறந்தது. அந்த நான்கு நிமிடமும் நான் கரையில் நின்று கத்திக்கொண்டே இருந்தேன். என் கணவர் அதைச் சந்தோஷக் கூச்சல் என்று நினைத்துக்கொண்டு, கையிலிருந்த ரிமோட்டை இன்னும் உற்சாகமாகத் திருகினார்.

"இறக்குங்க! கீழ இறக்குங்கன்றேன்!"

"இரும்மா, இன்னும் ஒரு ரவுண்டு. பாரு, எவ்ளோ ஸ்டெடியா போவுது!"

விமானம் ஸ்டெடியாகத்தான் போனது. ஆனால் ஏரியின் நடுவே தண்ணீரில் நின்ற கருவேல மரங்களிலிருந்து நாரைகள் அத்தனையும் ஒரே நேரத்தில் எழும்பிவிட்டன. அவற்றின் கண்ணுக்கு அது பருந்து. கூடுகள் காலியானதும், கரைப் பனைகளில் உட்கார்ந்திருந்த காக்கைகள் நேராக மரங்களுக்குள் புகுந்தன. ஒரு காக்கை வெளியே வந்தபோது அதன் அலகில் வெள்ளையாக ஏதோ இருந்தது. முட்டை.

நல்லவேளையாக விமானம் ஒரு பனை மட்டையில் இடித்துப் பக்கத்து நெல் வயலின் சேற்றில் மூக்குக் குத்தி விழுந்தது. என் கணவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வயலில் இறங்கி, உடைந்த இறக்கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். என் முகத்தைப் பார்த்த பிறகுதான் நான் கத்தியதன் அர்த்தம் அவருக்குப் புரிந்தது.

இது நடந்தது இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் சில வருடங்களில். நான் காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. கணவர் சின்ன காஞ்சிபுரத்தில் டிவி மெக்கானிக். வீட்டின் முன் அறை அவருடைய கடை, நடு அறையில் மாமியாரின் தறி, பின்கட்டில் நாங்கள். கல்யாணமாகி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் புதுத் தம்பதிகள் சினிமாவுக்குப் போவார்கள். நாங்கள் டிவிஎஸ் ஃபிப்டியில் வாலாஜாபாத் தாண்டி, தென்னேரிப் பக்கம் இருந்த ஒரு சிறிய ஏரிக்குப் போவோம். அந்த ஏரியின் பெயரைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. இன்றும் அங்கே பறவைகள் வருகின்றன, அவற்றை நிம்மதியாக விட்டுவிடலாம்.

கருவேல மரங்களில் நத்தைகுத்தி நாரைகள் கூடு கட்டியிருந்தன. கூடவே நீர்க்காகங்கள், வக்காக்கள். எனக்கு அந்தக் கூடுகளுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆசை. எத்தனை முட்டை, எத்தனை குஞ்சு, எது எப்போது பறக்கிறது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைக்க ஆசை. கரையில் நின்று பைனாகுலரில் பார்த்தால் பெரிய பறவைகளின் முதுகுதான் தெரியும். இதை நான் வாரா வாரம் புலம்பியதைக் கேட்டுத்தான் அவர் சென்னை ரிச்சி தெருவுக்கு நாலைந்து தரம் அலைந்து, பாகம் பாகமாக வாங்கி, விமானம் செய்திருந்தார். தீப்பெட்டி அளவில் ஒரு ஒயர் இல்லாத கேமராவும் அதில் ஏற்றினார். ஒரு கடைக்காரர் திருட்டைக் கண்காணிக்க மாட்டி, படம் தெளிவாக இல்லை என்று திருப்பிக் கொடுத்திருந்த கேமரா அது. ஆகாயத்திலிருந்து அது எடுத்தனுப்பிய படத்தில் கோடுகளைத் தவிர எதுவும் தெரியவில்லை என்பது வேறு விஷயம்.

விமானம் விழுந்த அன்று வரப்பில் மண்வெட்டியோடு ஓடிவந்தவர் அந்த ஏரியின் நீர்க்கட்டி. மதகைத் திறந்து மூடி, வயல்களுக்குத் தண்ணீர் முறை பார்த்து விடுகிறவரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். நாற்பது வயதிருக்கும். எங்களை ஏற்கெனவே பல ஞாயிறுகளில் பார்த்திருக்கிறார்.

"இன்னாபா இது? எங்க நத்தகொத்தியெல்லாம் தொரத்திட்ட?" என்று என் கணவரைப் பிடித்துக்கொண்டார்.

"தொரத்தணும்னு இல்லண்ணே. உள்ள இன்னா இருக்குதுன்னு பாக்கத்தான்."

"உள்ள இன்னா இருக்கும்? குஞ்சுதான் இருக்கும். அதையும் மாசிக் கடைசியோட வெட்டிடப் போறாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எதை வெட்டப் போறாங்க?"

"மரத்தத்தான் டீச்சர். ஏலம் ஆயிடுச்சி. வெறகுக்குன்னு வெச்ச மரம்தானே. இந்த வருசம் வெட்டற முறை."

அப்போது மார்கழி முடியப் போகிற சமயம். மாசிக் கடைசியில் குஞ்சுகளுக்கு இறக்கை முழுதாக வளர்ந்திருக்காது.

அடுத்த நாளே பள்ளி விட்டதும் அந்த ஊரின் பஞ்சாயத்துத் தலைவியைப் பார்க்கப் போனேன். ஊரே அவரைப் பிரசிடெண்டம்மா என்றுதான் கூப்பிட்டது. வாசலில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு முறம் தள்ளிவிட்டு, உரித்துக்கொண்டே பேசச் சொன்னார். நான் நாரைகளின் இனப்பெருக்கம் பற்றி வகுப்பில் சொல்வதுபோல் பத்து நிமிடம் சொன்னேன்.

"எல்லாம் சரி டீச்சரம்மா," என்றார். "நீங்க அந்தக் கூட்டுக்குள்ள பாத்தீங்களா?"

"இல்ல."

"நான் பாத்தேனா? நானும் பாக்கல. ஏலம் எடுத்தவன் கேப்பான், எங்க குஞ்சு காட்டுன்னு. இன்னா காட்டறது? நீங்க கண்ணால பாத்துட்டு வந்து எனக்குக் காட்டுங்க. நான் பேசறேன்."

"தண்ணியில எறங்கிப் போனா எல்லாம் எழும்பிடுங்கம்மா. காக்கா முட்டையைத் தூக்கிடும்."

"அதுக்கு நான் இன்னா பண்ணட்டும்?" என்று சிரித்தார். என் முறத்தைப் பார்த்து, "டீச்சர் கை வேகமாத்தான் இருக்குது," என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கணவரிடம் ஒப்பித்தேன். அவர் ஒரு டிவியின் பின்பக்கத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். இன்னும் நாலு ஸ்க்ரூவைக் கழற்றினார். பிறகு ஸ்க்ரூ டிரைவரைக் காதில் செருகிக்கொண்டு, "மேல போனாதானே பருந்துன்னு பயப்படுது? தண்ணி மேலயே போனா?" என்றார்.

அப்படித்தான் படகு ஆரம்பித்தது.

டிவி மெக்கானிக் வீட்டில் தெர்மகோலுக்குப் பஞ்சமில்லை. புது டிவிகளோடு வந்த அட்டைப்பெட்டித் தெர்மகோல்கள் பரண் நிறைய இருந்தன. அவற்றை ஒட்டி, சீவி, ஆள் உட்காரும் மணை அளவுக்கு ஒரு படகு செய்தார். நடுவில் பழைய டிவி ஏரியலின் அலுமினியக் குழாயை நட்டு, அதன் உச்சியில் கேமராவைக் கட்டினார். மழையில் ஏரி நிரம்பி, மரங்கள் பாதி முழுகி நின்றதால் கீழ்க்கிளைக் கூடுகள் தண்ணீரிலிருந்து ஓர் ஆள் உயரத்தில்தான் இருந்தன. குழாயின் உயரம் அதற்குப் போதும். விமானத்தின் வாலை அசைத்த குட்டி மோட்டார் இப்போது கேமராவை இடமும் வலமும் திருப்பியது.

தெர்மகோல் தூள் தறிப் பக்கம் பறந்ததும் என் மாமியார் பாதி நெய்த புடவையை விட்டுவிட்டு எழுந்து வந்தார். எங்கள் வீட்டில் தெலுங்கு. கோபத்தில் தமிழ் வராது.

"நீக்கு பிச்சாரா? பாவுமேல படுதுரா!"

உனக்குப் பைத்தியமா, தறியில் இழுத்துக் கட்டிய பாவின்மேல் விழுகிறதே என்கிறார். நியாயமான கோபம். ஆயிரக்கணக்கான பட்டு இழைகளில் தெர்மகோல் உருண்டை ஒட்டிக்கொண்டால் யார் பொறுக்குவது? ஆனால் திட்டிவிட்டு அவர் போகவில்லை. கம்பம் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். என் கணவர் அதை நைலான் கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்தார். மாமியார் அந்தக் கயிற்றை அவிழ்த்து எறிந்துவிட்டு, மிச்சமாகக் கிடந்த பட்டு நூலை நாலாக முறுக்கி, மூன்று பக்கமும் இழுத்து முடிச்சுப் போட்டார். அறுந்த இழையைப் பிணைக்கும் கை. கம்பம் அசையவே இல்லை. "எதுக்கு இது?" என்று பிறகுதான் கேட்டார். நாரைக் குஞ்சுகளைப் பார்க்க என்று சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டு தறிக்குப் போய்விட்டார்.

முதல் சோதனை ஏரிக்கரையில் இருந்த பிரசிடெண்டம்மாவின் பம்பு செட் தொட்டியில். கம்பத்தின் கனத்தில் படகு உடனே குப்புறக் கவிழ்ந்தது. மளிகைக் கடையிலிருந்து ஒரு கிலோ படிக்கல் வாங்கி, அடியில் தொங்கவிட்டதும் நிமிர்ந்து நின்றது. இரண்டாவது சோதனை ஏரியில். கரையிலிருந்து பத்தடி போவதற்குள் தண்ணீருக்கு அடியிலிருந்த விசிறியில் பாசி சுற்றிக்கொண்டு நின்றுவிட்டது. நீர்க்கட்டி நீந்திப் போய், கன்றுக்குட்டியை இழுத்து வருவதுபோல் அதை இழுத்து வந்தார்.

"அடியில வெக்காதபா. இந்த ஏரியில பாசிதான் தண்ணிய விட அதிகம்," என்றார்.

கணவர் அன்றிரவு சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாள் விமானத்தின் உடையாத மிச்சங்களிலிருந்து மோட்டாரையும் இறக்கைச் சுழலியையும் எடுத்துப் படகின் மேலேயே மாட்டிவிட்டார். மேசை விசிறிபோலக் காற்றைப் பின்னால் தள்ள, படகு பாசிமேல் வழுக்கிக்கொண்டு போனது. நாங்கள் இருவரும் கரையில் நின்று கைதட்டினோம். நாரைகள் மறுபடி எழும்பின.

இப்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. தை பாதி ஓடியிருந்தது. நீர்க்கட்டிதான், பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, சாவகாசமாகச் சொன்னார்.

"ஏன் டீச்சர் அவசரப்படறீங்க? புதுமாடு கொட்டாய்க்கு வந்தா மத்த மாடு முட்டாதா? நாலு நாள் கட்டி வெச்சா பழகிடும். இத தண்ணியில சும்மா வுட்டுட்டுப் போங்க. தெனம் ஒரு பத்தடி உள்ள தள்ளி வெக்கறேன்."

விலங்கியல் பட்டம் வாங்கிய எனக்கு அது தோன்றவில்லை. மோட்டார், கேமரா, பேட்டரி எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு வெறும் படகையும் கம்பத்தையும் விட்டுவிட்டு வந்தோம். நீர்க்கட்டி அதன்மேல் அல்லித் தண்டும் பாசியும் போட்டு மூடி, கயிற்றில் கட்டி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மரங்களை நோக்கி நகர்த்தினார். அடுத்த ஞாயிறு போனபோது ஒரு நீர்க்காகம் கம்பத்தின் உச்சியில் உட்கார்ந்து இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது.

"குடி வந்துட்டுது பாருங்க," என்றார் நீர்க்கட்டி பெருமையாக.

அதன் பிறகு மோட்டாரை மாட்டி மெதுவாக, மிக மெதுவாக ஓட்டினோம். நாரைகள் கழுத்தைத் திருப்பிப் பார்த்தன. ஒன்றிரண்டு அலகைத் தட்டின. எழும்பவில்லை. ஆனால் அந்த நீர்க்காகத்துக்கு மட்டும் கம்பம் தன் சொத்து என்ற எண்ணம் போகவில்லை. படகு நகர நகர, பறந்து வந்து உச்சியில் உட்கார்ந்துகொள்ளும். கேமராவின் முன்னால் அதன் வால் தொங்கும்.

பம்பு செட் அறைதான் எங்கள் ஆபீஸ். பிரசிடெண்டம்மா கரண்டு கொடுத்தார். கடையிலிருந்து ஒரு போர்ட்டபிள் டிவியும் பழைய வி.சி.ஆர். ஒன்றும் கொண்டுவந்திருந்தோம். கணவர் வெளியே கரையில் ரிமோட்டோடு நிற்பார். நான் உள்ளே டிவி முன்னால் உட்கார்ந்து, "லெஃப்டு, லெஃப்டு, இன்னும் கொஞ்சம், நிறுத்துங்க!" என்று கத்துவேன். முதல் ஒரு மணி நேரம் நீர்க்காகத்தின் வால்தான் ஒளிபரப்பானது. களை பறிக்க வந்த பெண்கள் நாலைந்து பேர் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா டீச்சர், காக்கா குண்டியப் பாக்கவா இம்மாம் பாடு?" என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு வழியில்லை.

பிறகு அது பசியெடுத்து மீனுக்குப் பாய்ந்தது. வால் விலகியது. புள்ளிப் புள்ளியாக ஆடிய கறுப்பு வெள்ளைப் படத்தில் சுள்ளிக் குவியல் ஒன்று தெரிந்தது. அதற்குள் மூன்று தலைகள். பஞ்சு ஒட்டிய தலைகள், வாய் மூன்றும் ஒரே பக்கம் திறந்து ஆடிக்கொண்டிருந்தன. தாய் வந்து குனிந்து எதையோ கக்கியது. மூன்றும் முட்டி மோதிக்கொண்டு தின்றன.

பெண்கள் டிவிக்கு நெருங்கி வந்து குந்தினார்கள். பிறகு ஒரு பெண், "அய்ய, பெரிசு எல்லாத்தயும் அதுவே துன்னுது பாரு. சின்னதுக்கு வுடுதா பாரேன்," என்றாள். உடனே எல்லோரும் சின்னதின் கட்சிக்குப் போய்விட்டார்கள். நான் வெளியே ஓடி, கரையில் நின்ற என் கணவரின் கையைப் பிடித்து உலுக்கினேன். ரிமோட் கீழே விழுந்து, படகு ஒரு கிளையில் போய் முட்டிக்கொண்டது. அவர் திட்டவில்லை. "தெரியுதா? நெஜமாவே தெரியுதா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பாவம், அவர் அதுவரை ஒரு குஞ்சையும் பார்க்கவில்லை. அன்று வி.சி.ஆரில் பதிந்ததைத்தான் வீட்டில் உட்கார்ந்து பார்த்தார். மாமியாரும் தறியிலிருந்து எழுந்து வந்து பார்த்தார். "நான் கட்டின நூலு அவுரலியா?" என்பதுதான் அவர் கேட்ட ஒரே கேள்வி.

மாசி பிறந்தது. ஞாயிறு தோறும் ஒவ்வொரு மரமாகப் போனோம். என் நோட்டு நிரம்பியது. சில கூடுகளில் இன்னும் முட்டை, சிலவற்றில் கண் திறக்காதவை, சிலவற்றில் எழுந்து நிற்கப் பழகுகிறவை. பிரசிடெண்டம்மாவிடம் வந்து பாருங்கள் என்று இரண்டு தரம் சொல்லி அனுப்பினேன். அவருக்கு வேலை ஒழியவில்லை.

அவர் வந்தது மூன்றாவது ஞாயிறு. அன்று காலை ஏழு மணி இருக்கும், வெயில் ஏறவில்லை. நான் டிவியை அவர் பக்கம் திருப்பி வைத்து, கூடுகளை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தேன். கேமரா ஒரு கிளையைத் தாண்டும்போது அவர் சட்டென்று, "அது இன்னா தொங்குது?" என்றார்.

"நிறுத்துங்க! ரைட்டுல திருப்புங்க!" என்று கத்தினேன்.

ஒரு பெரிய நாரை தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மீன் பிடிக்கிற நைலான் நரம்பு அதன் காலில் சுற்றி, மறுமுனை கிளையில் சிக்கியிருந்தது. செத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அப்போது இறக்கை ஒருமுறை அடித்தது. அதற்கு மேலே இருந்த கூட்டில் இரண்டு குஞ்சுகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

கரையிலிருந்து எத்தனை வருடம் பார்த்திருந்தாலும் அது எங்கள் கண்ணில் பட்டிருக்காது. இலைகளுக்கு உள்ளே இருந்தது.

"போயி அறுத்து வுடுங்கப்பா யாராச்சும்!" என்றார் பிரசிடெண்டம்மா. வாசலில் நின்ற நீர்க்கட்டி சட்டையைக் கழற்றிவிட்டார். நான்தான் குறுக்கே நின்றேன்.

"போகாதீங்கண்ணே. நீங்க போனா மொத்தமும் எழும்பிடும். அவ்வளவு கூட்டுலயும் காக்கா பூந்துடும்."

"அதுக்காக அது சாவட்டுமா டீச்சர்?"

வகுப்பில் கேட்டால் ஒன்றுக்காகப் பலவற்றைப் பணயம் வைக்கக் கூடாது என்று சொல்லியிருப்பேன். டிவியில் அது மறுபடி இறக்கையை அடித்தது. என் கணவர் உள்ளே வந்து, படத்தைப் பார்த்து, என் தோளில் கைவைத்து நின்றார். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். அப்படி ஒரு அவஸ்தையை அதற்கு முன் நான் பட்டதில்லை.

நீர்க்கட்டிதான் மறுபடியும் வழி சொன்னார். "படகப் பாத்தா அதுங்க எழும்பறது இல்லியே. படகுக்குப் பின்னால ஒளிஞ்சிக்கினு போறேன். தலை மட்டும் வெளிய தெரிஞ்சா போதும். விசிறிய நிறுத்திடுங்க, நான் தள்ளிக்கினு போறேன்."

இரண்டு நிமிடத்தில் படகு கரைக்கு வந்தது. அவர் தலையில் ஈரத் துண்டைக் கட்டி, அதன்மேல் கை நிறையப் பாசியை அள்ளிப் போட்டுக்கொண்டார். சவர பிளேடில் பாதியை வாயில் கவ்விக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். கரையிலிருந்து பார்த்தால் படகும் அதன் பின்னால் ஒரு பாசித் திட்டும்தான் போயின. வழக்கமான வேகத்தைவிடவும் மெதுவாகப் போனார். நான் டிவிக்கும் வாசலுக்குமாக ஓடிக்கொண்டிருந்தேன். ஒரு நாரை எழுந்து நின்றது. அது உடம்பை உதறிவிட்டு மறுபடி உட்கார்ந்தது.

படம் மெல்ல நெருங்கியது. தொங்கிய நாரையின் அலகு திரை முழுக்க வந்தது. முழுகிய கிளை எதிலோ அவர் கால் ஊன்றியிருக்க வேண்டும், பிறகு கீழேயிருந்து, தண்ணீர் சொட்டச் சொட்ட, ஒரு கை எழும்பியது. அறையில் இருந்த பெண்கள் எல்லாம் "ஆ" என்றார்கள். கை, காலைப் பிடித்தது. நாரை திரும்பி மணிக்கட்டில் ஓங்கிக் கொத்தியது. கை விடவில்லை. பிளேடு வந்தது. நரம்பு அறுந்ததும் நாரையின் கனம் படகின்மேல் விழ, திரையில் வானம், கிளை, தண்ணீர் எல்லாம் சுழன்று, கடைசியில் வெறும் புள்ளிகள் மட்டும் மிஞ்சின.

எல்லோரும் கரைக்கு ஓடினோம். படகு கவிழ்ந்து கிடந்தது. படிக்கல் மேலே தெரிந்தது. அவரைக் காணோம், நாரையையும் காணோம். பிரசிடெண்டம்மா என் முழங்கையை நகம் பதியப் பிடித்திருந்தார். என் கணவர் வேட்டியோடு தண்ணீரில் இடுப்பளவு இறங்கிவிட்டார். அவருக்கு நீச்சல் தெரியாது.

"அதோ!" என்றாள் ஒருத்தி.

தாழ்ந்த ஒரு கிளையில் நாரை தொற்றி நின்றுகொண்டிருந்தது. ஒரு காலைத் தூக்கிவைத்து, இறக்கை இரண்டையும் தொங்கவிட்டு, நனைந்த குடைபோல் இருந்தது. கொஞ்ச தூரம் தள்ளி, பாசித் தலை ஒன்று எங்களை நோக்கி நிதானமாக வந்துகொண்டிருந்தது. மரங்களில் நாலைந்து பறவைகள் மட்டும் எழும்பி, ஒரு வட்டம் போட்டு, இறங்கிவிட்டன. காக்கைகளுக்கு அன்று ஒன்றும் கிடைக்கவில்லை.

நீர்க்கட்டி கரையேறினார். மணிக்கட்டில் ரத்தம். சிரித்துக்கொண்டே, "நன்றி கெட்ட கழுத, எப்பிடி கொத்திச்சி பாத்தீங்களா?" என்று காட்டினார். அதில் அவருக்கு வருத்தமே இல்லை. பிரசிடெண்டம்மா வீட்டுக்கு ஆளனுப்பி மஞ்சளும் துணியும் கொண்டுவரச் சொல்லி, தானே கட்டுப் போட்டார். நீர்க்கட்டியைத் தடுப்பூசி போட அழைத்துப் போக வேண்டும் என்று நான் சொன்னதற்கு, "மொதல்ல டீ குடிக்கட்டும்," என்றார். பிறகு என் கணவரிடம் திரும்பினார்.

"அந்தக் கை வர எடத்த இன்னொரு தபா போடுபா."

அன்று அந்த இடத்தை ஏழெட்டு தரம் போட்டோம். ஒவ்வொரு தரமும் நீர்க்கட்டி ஏதோ வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல் உற்றுப் பார்த்தார்.

ஏலம் எடுத்தவர் இரண்டு நாள் கழித்து மரங்களைப் பார்க்க வந்தார். பிரசிடெண்டம்மா அவரை ஏரிக்கு விடாமல், பம்பு செட் அறைக்குள் உட்காரவைத்து, கேசட் முழுவதையும் போட்டுக் காட்டினார் என்று கேள்விப்பட்டேன். பள்ளி இருந்ததால் நானும் கணவரும் பாதியில்தான் போய்ச் சேர்ந்தோம். அவரை நான் முரட்டு ஆளாக நினைத்து வைத்திருந்தேன். டிவி முன்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு, வாய் பிளந்து உட்கார்ந்திருந்தார்.

"டீச்சர், இதுங்க எப்ப பறக்கும்?"

"சித்திரைக் கடைசிக்குள்ள எல்லாம் போயிடுங்க."

அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "அப்ப தண்ணியும் வத்திடும். லாரி உள்ளயே வரும். இப்ப வெட்டினா ஆளுங்க இடுப்பளவு தண்ணியில நின்னு வெட்டணும். எனக்கு ஒண்ணும் கஷ்டம் இல்லம்மா. கெடு தாண்டிடுச்சின்னு சொல்லுவாங்களேன்னுதான் அவசரம்."

"கெடுவுக்கு நான் லெட்டர் தரேன்," என்றார் பிரசிடெண்டம்மா. "ஏரி நடுவுல மண் திட்டுல நிக்கிற பெரிய மரங்கள மட்டும் வுட்டுடு. அதுக்குப் பதிலா கரையோரத்து முள்ளுமரத்த எடுத்துக்கோ."

அதற்கு மட்டும் அவர் சுலபத்தில் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு டீ குடிக்கிற நேரம் பேச்சு நடந்தது. கடைசியில் ஒத்துக்கொண்டு எழுந்தவர், வாசலில் நின்று என் கணவரைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ கேட்டார். என் மனதில் சந்தேகம். பிறகு விசாரித்தால், தன் மகள் கல்யாணத்தில் மண்டபத்தைச் சுற்றி விமானம் விட முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

சித்திரையில் பள்ளி விடுமுறை. நான் தினமும் போனேன். கூடுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. கால் நொண்டிய அந்த நாரை தன் குஞ்சுகளுக்குத் தீனி கொண்டுவந்ததை நோட்டில் எழுதியிருக்கிறேன். படம் தெளிவாக இல்லாததால், அதுதானா என்று பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டிருக்கிறேன். ஏரி வற்றி, படகு ஓட இடமில்லாமல் சேற்றில் நின்றதும் அதை வீட்டுக்கு எடுத்து வந்தோம். ஆனியில் மரம் வெட்டினார்கள். சொன்னபடி திட்டில் இருந்த பெரிய மரங்களைத் தொடவில்லை.

அடுத்த கார்த்திகையில், நல்ல மழைக்குப் பிறகு ஒரு நாள், பிரசிடெண்டம்மா கடைக்குப் போன் செய்து, "டீச்சர் கிட்ட சொல்லுபா, வந்துட்டுதுங்க," என்றாராம். நான் அப்போது பன்னிரண்டாம் வகுப்புக்குத் தவளையின் ரத்த ஓட்டம் நடத்திக்கொண்டிருந்தேன். என் கணவர் கடையைச் சாத்திவிட்டு, பள்ளி வாசல் வழியாகவே வண்டியை ஓட்டிக்கொண்டு, என்னைக் கூப்பிடாமல் தான் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். சாயங்காலம் கால் நிறையச் சேற்றோடு வந்து நின்றபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது.

"லீவு போட வுட மாட்டாங்களேன்னுதான் கூப்பிடல," என்றார்.

இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஞாயிறு. விடிந்ததும் அவருக்கு முன்னால் போய் வண்டியில் உட்கார்ந்துகொண்டேன்.